தட்டைப் பாதம், கண்ணாடி, பழைய இளைப்பு: ராணுவ மருத்துவத் தேர்வுக்குப் போகலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 19. ராணுவத்தில் சேர வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. ஓட்டம், புல்-அப்ஸ் எல்லாம் நன்றாகச் செய்கிறேன். மருத்துவத் தேர்வை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. எனக்குத் தட்டைப் பாதம். கண்ணாடி போடுகிறேன், இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75. சின்ன வயதில் இளைப்பு இருந்தது. 11 வயதுவரை இன்ஹேலர் எடுத்தேன், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. பயிற்சி கொடுக்கும் மாஸ்டர், "இளைப்பைப் பற்றி வாயைத் திறக்காதே, கண்ணுக்கு லேசர் செய்துகொள், பாதத்தைப் பார்க்கும்போது விரலை மடக்கி நின்றுகொள்" என்கிறார். என்னோடு ஓடிய நண்பன் ஒருவனை, விதைப்பையில் ரத்தக்குழாய் சுருண்டிருக்கிறது, வெரிகோசீல் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு ஒரு வலியும் கிடையாது. நன்றாக இருப்பவனுக்கே இந்தக் கதி என்றால் எனக்கு என்ன நடக்கும்? மாஸ்டர் சொல்வதுபோல் செய்யலாமா?

பதில்: தம்பி, மாஸ்டர் சொன்ன மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யாதீர்கள். அதே சமயம், நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விஷயங்களில் எதற்காகவும் இப்போதே ஆசையைக் கைவிட வேண்டியதும் இல்லை.

எந்த நாட்டுப் படை, அதில் எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. அளவுகள் நாட்டுக்கு நாடு மாறும். ஒரே படையிலேயே விமானிக்கு ஒன்று, காலாட்படைக்கு ஒன்று, எழுத்தர் வேலைக்கு ஒன்று என்று இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தவும் செய்வார்கள். அதனால் கீழே நான் சொல்லும் எண்களைப் போக்கு தெரிவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில், விண்ணப்பிக்கும் பணிக்கான அறிவிப்பில் அச்சாகியிருப்பதுதான் செல்லும். அதை மாஸ்டர் வாயால் கேட்காமல் நீங்களே ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.

முதலில் நண்பன் விஷயம். அது புரிந்தால் மற்றவை சுலபம். என்னிடம் ஒருவர் வந்தால் "இப்போது உங்களுக்கு என்ன தொந்தரவு?" என்று கேட்பேன். ஒன்றும் இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். வயதுவந்த ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு வெரிகோசீல் உண்டு. பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. ஆள் எடுக்கும் மருத்துவரின் கேள்வி வேறு. இந்தப் பையன் முதுகில் 30 கிலோ சுமையோடு நாள்கணக்கில் நின்றால், நடந்தால், பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத மலையிலோ கப்பலிலோ இருந்தால் என்ன ஆகும்? இவனுக்கு முடியாமல் போனால் இவனைத் தூக்கிக்கொண்டு வர எத்தனை பேர் வேண்டும்? அவர்கள் செய்ய வேண்டிய வேலையை யார் செய்வார்கள்? நீண்ட நேரம் நிற்பதும் சுமை தூக்குவதும் வெரிகோசீலில் வலியைக் கொண்டுவரலாம். அதனால்தான் பல படைகள் அதைக் கணக்கில் எடுக்கின்றன. உங்கள் நண்பன் நோயாளி என்று யாரும் சொல்லவில்லை; இந்த வேலைக்கு இன்றைய நிலையில் எடுக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

வேலை மாறும்போது அளவுகோலும் மாறிவந்திருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1860-களில் துப்பாக்கித் தோட்டா, காகித உறைக்குள் வந்தது. அதைப் பல்லால் கிழித்துத்தான் வெடிமருந்தைத் துப்பாக்கிக் குழாயில் கொட்ட வேண்டும். முன்பல் இல்லாதவனைக் காலாட்படைக்கு வேண்டாம் என்றார்கள். இன்று பல் பார்ப்பது வேறு காரணத்துக்காக: முகாமில் பல்வலி வந்து நாலு நாள் படுக்கக் கூடாது. பிரிட்டனில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, தொழில் நகரங்களிலிருந்து வந்த இளைஞர்களில் பெரும்பகுதி தேறவில்லை. அந்த அதிர்ச்சியில் 1904-இல் மக்களின் உடல்நிலை பற்றி ஒரு குழு அறிக்கை கொடுத்தது. 1906-இல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடச் சட்டம் வந்தது. ராணுவ மருத்துவத் தேர்வால் விளைந்த நன்மைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

இன்று பெரும்பாலான படைகள் ஆளை மொத்தமாகத் 'தகுதி, தகுதியில்லை' என்று மட்டும் பிரிப்பதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடாவில் உருவான முறையைப் பின்பற்றி, அமெரிக்காவில் உடல்வலு, கை, கால், காது, கண், மனம் என்று ஆறு தலைப்பில் தனித்தனியே மதிப்பெண் போடுகிறார்கள். இந்தியாவில் அதற்கு 'ஷேப்' என்று பெயர்: மனநிலை, காது, கைகால், பொது உடல்நிலை, கண் என்று ஐந்து தலைப்பு. கட்டாய ராணுவ சேவை உள்ள சிங்கப்பூர், தென்கொரியா போன்ற நாடுகளில் ஆளைத் தரம் பிரித்து, அந்தத் தரத்துக்கு ஏற்ற வேலையில் போடுகிறார்கள். அங்கே கண்ணாடிக்காரனும் தட்டைப் பாதக்காரனும் ஏதோ ஒரு பணியில் இருந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நீங்களும் ஒரே ஒரு பணியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

சரி, பாதத்துக்கு வருவோம்.

சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே நான் பாதத்தைப் பார்த்துவிடுவேன், அதுவும் பின்னாலிருந்து. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வேன். தட்டைப் பாதம் என்றால் உள்பக்க வளைவு தரையைத் தொடும், குதிகால் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். இப்போது "குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நில்லுங்கள்" என்பேன். அந்த நொடியில் பாதத்துக்கு அடியில் வளைவு எழும்பி, சாய்ந்திருந்த குதிகால் உள்பக்கமாகத் திரும்பிவிட்டால், அது இளக்கமான தட்டைப் பாதம். எலும்பு சரியாக இருக்கிறது. நிற்கும்போது தசைநார் தளர்ந்துகொடுக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு தூக்கினாலும் பாதம் பலகைபோல் அப்படியே இருந்தால், அல்லது கணுக்காலுக்குக் கீழே பக்கவாட்டில் அசைத்தால் அசையாமல் வலித்தால், அது விறைத்த தட்டைப் பாதம். எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கலாம். எக்ஸ்ரே, தேவைப்பட்டால் ஸ்கேன் பார்க்க வேண்டும். தேர்வில் சிக்கல் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

இந்தியப் படைகளின் வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறது: முன்பாதத்தில் நின்றால் வளைவு திரும்ப வருகிறதா, விரல்மேல் துள்ளவும் ஓடவும் முடிகிறதா, பாதம் இளக்கமாகவும் வலியில்லாமலும் இருக்கிறதா. அமெரிக்காவிலும் விறைத்த பாதம், வலியுள்ள பாதம் ஆகியவையே தடை. இன்று வீட்டில் வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பின்னாலிருந்து யாரையாவது கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு படம் சாதாரணமாக நின்றபடி, ஒரு படம் குதிகாலைத் தூக்கியபடி. பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

தட்டைப் பாதம் ஓட்டத்துக்கு ஆகாது என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியில் இருந்த 246 பேரின் பாதங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1993-இல் வெளியானது. அதில் மிகத் தட்டையான பாதம் உள்ளவர்களுக்குத்தான் காயம் குறைவு. வளைவு மிக உயரமாக உள்ளவர்களுக்கு அதிகம். ஒரே ஆய்வை வைத்துச் சட்டத்தை மாற்றிவிட முடியாதுதான். இருந்தாலும் வலியில்லாத, இளக்கமான பாதத்தை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை.

விரலை மடக்கி நிற்கும் யோசனை இருக்கிறதே, அதற்கு ஒரு மருத்துவரும் ஏமாற மாட்டார். விரலை மடக்கினால் கணுக்காலுக்கு முன்னால் நரம்புபோல் தசைநார்கள் புடைத்துக்கொண்டு நிற்கும். "விரலைத் தளர்த்து தம்பி" என்று சொல்லிவிட்டு, அடுத்து நடக்கச் சொல்வார், குத்தவைத்து உட்காரச் சொல்வார். நடக்கும்போது எதை மடக்குவீர்கள்? நல்ல பாதத்தைச் சந்தேகத்துக்கு இடமாக்கியதுதான் மிச்சம்.

பாதத்தைவிட எனக்குக் கவலை உங்கள் ஓட்டப் பயிற்சி. தேர்வு நெருங்க நெருங்கத் திடீரென்று தூரத்தைக் கூட்டிக்கொண்டு கெட்டித் தரையில் ஓடும் பிள்ளைகளுக்கு, முழங்காலுக்குக் கீழே முன் எலும்பிலும் பாத எலும்பிலும் மயிரிழை விரிசல் விழும். பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நடந்து நடந்து பாதம் வீங்கிப்போன சிப்பாய்களைப் பற்றி 1855-லேயே எழுதிவிட்டார். அது எலும்பு விரிசல் என்று தெரிய எக்ஸ்ரே வர வேண்டியிருந்தது. எலும்பின் மேல் ஒரே இடத்தில், விரல் நுனியால் அழுத்தினால் 'சுருக்' என்று வலிக்கிறதா? அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி மருந்து போட்டுக்கொண்டு ஓடினால் மயிரிழை முழு முறிவாகும். அப்புறம் ஒரு வருடம் போய்விடும்.

அடுத்தது இளைப்பு. உங்கள் கடிதத்தில் கனமான விஷயம் இதுதான்.

அமெரிக்க விதியில் ஒரு கோடு இருக்கிறது: 13-ஆவது பிறந்தநாளுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்திருந்தால் தடை; அதற்கு முன் நின்றுவிட்டால் தடையில்லை. அந்தக் கோட்டின்படி 11 வயதோடு மருந்தை விட்ட நீங்கள் இந்தப் பக்கம் வந்துவிடுகிறீர்கள். எல்லாப் படைகளும் இவ்வளவு தாராளம் இல்லை. ஆஸ்துமா என்ற பெயரே ஏட்டில் இருக்கக் கூடாது என்று நினைக்கும் இடங்களும் உண்டு. உங்களுக்கு எது பொருந்தும் என்று அறிவிப்பைப் பார்க்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்களுக்கு அப்போது இருந்தது ஆஸ்துமாதானா? சின்னப் பிள்ளைகளில் நிறையப் பேருக்குச் சளி பிடிக்கும்போது மட்டும் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். மூச்சுக்குழாய் சின்னதாக இருப்பதால் வருவது. வளர வளரப் போய்விடும். அதற்கும் இன்ஹேலர் கொடுப்போம். நெஞ்சு மருத்துவர் ஒருவரிடம் பழைய சீட்டுகளோடு போங்கள். எந்த வயதில் தொடங்கியது, சளி இல்லாதபோதும் வந்ததா, ராத்திரி இருமலா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்றெல்லாம் கேட்டு அவர் ஒரு முடிவுக்கு வருவார். அந்த முடிவு எழுத்தில் இருப்பது உங்களுக்கு நல்லது.

அதோடு இன்றைய நுரையீரல் எப்படி இருக்கிறது என்பதற்கு எண் வேண்டும். ஸ்பைரோமெட்ரி என்றொரு பரிசோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயை வைத்து, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் வெடித்து ஊத வேண்டும். பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் "ஊது ஊது ஊது, விடாதே, இன்னும் இன்னும்" என்று ஆறு விநாடிக்குக் கத்திக்கொண்டே இருப்பார். முகம் சிவந்து கண்ணில் நீர் வரும்; முதல் தடவை சரியாக ஊதுகிறவர் அபூர்வம். முதல் விநாடியில் வெளியே வந்த காற்றின் அளவுதான் முக்கியம். இன்ஹேலர் கொடுத்துவிட்டு மறுபடி ஊதச் சொல்வார்கள். அப்போது அந்த அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் கூடிவிட்டால், மூச்சுக்குழாய் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்களுக்குத் தேவையான இன்னொரு பரிசோதனை, ஓடவிட்டு ஊதச் சொல்வது. ஆறு முதல் எட்டு நிமிடம் நன்றாக ஓடியபின், அடுத்த அரைமணி நேரத்தில் சிலமுறை ஊத வேண்டும். 10 சதவீதமோ அதற்கு மேலோ இறங்கினால் உழைப்பின்போது மூச்சுக்குழாய் சுருங்குகிறது. இறங்கவில்லை என்றால், உங்கள் கையில் இருக்கும் அந்தத் தாள் மாஸ்டரின் எந்த யோசனையைவிடவும் பெரிது.

இதில் ஒரு வேளை இறங்கினால்? கசப்பான செய்திதான், ஆனால் தெரியாமல் போய் மாட்டுவதைவிட வீட்டில் தெரிவது நல்லது. புழுதி, குளிர், புகை, உயரமான மலை, கண்ணீர்ப்புகையில் நிறுத்தி எடுக்கும் பயிற்சி, இவை எல்லாமே மூச்சுக்குழாயைச் சீண்டுபவை. ஆஸ்துமாவை மறைத்துச் சேர்ந்த பையன் இன்ஹேலரையும் மறைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். ராத்திரி மூச்சு முட்டினால் யாரிடம் சொல்வான்? அவன் பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு அவனுக்கு என்ன நோய் என்றே தெரியாது.

சட்டப்படியும் பாருங்கள். தேர்வுக்கு முன் நீங்கள் நிரப்பும் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, அறுவை சிகிச்சை, மனநலச் சிகிச்சை என்று வரிசையாகக் கேட்டு, கடைசியில் 'உண்மை' என்று கையெழுத்து வாங்குவார்கள். பின்னால் தெரியவந்தால் வேலை போகும். சில நாடுகளில் ஏமாற்றிச் சேர்ந்த குற்றத்துக்கு ராணுவ நீதிமன்றமும் உண்டு. அமெரிக்காவில் 2022-லிருந்து, ஆள் எடுக்கும் மையத்தில் உட்கார்ந்தபடியே பழைய மின்னணு மருத்துவப் பதிவுகளைத் திறந்து பார்க்கிறார்கள். சின்ன வயதில் வாங்கிய இன்ஹேலர் சீட்டுகூட வெளியே வருகிறது. மற்ற நாடுகளும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

மாஸ்டர் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்காததை எல்லாம் கொட்டத் தேவையில்லை. எந்த மருத்துவரும் சொல்லாத நோயை நீங்களாகவே உங்களுக்குச் சூட்டிக்கொள்ளவும் வேண்டாம். "அடிக்கடி தும்மல் வரும், தூசு ஒத்துக்கொள்ளாது, போன வருஷம் தலை சுற்றியது" என்று பதற்றத்தில் புலம்பிவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கேட்ட கேள்விக்கு, உண்மையை, கேட்ட அளவுக்கு. "சிறுவயதில் இளைப்பு, 11 வயதோடு மருந்து நின்றது, இதோ நெஞ்சு மருத்துவரின் கடிதம், இதோ பரிசோதனை முடிவு." இவ்வளவு போதும்.

கண் விஷயத்தில் மாஸ்டர் மேல் எனக்கு உண்மையாகவே கோபம். 19 வயதுப் பையனுக்கு லேசர் சொல்லக் கூடாது.

காரணம் கேளுங்கள். கிட்டப்பார்வையில் கண் உருண்டை முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டிருக்கிறது. உங்கள் வயதில் அந்த நீளம் இன்னும் கூடிக்கொண்டிருக்கலாம். லேசர், முன்னால் இருக்கும் கருவிழியைத்தான் செதுக்குகிறது. கண்ணின் நீளத்தைக் குறைப்பதில்லை. இன்று செதுக்கிச் சரிசெய்தால், இரண்டு வருடத்தில் மறுபடி மைனஸ் வந்து நிற்கலாம், கருவிழியும் மெலிந்திருக்கும். இதனால்தான் படைகள் லேசர் செய்த கண்ணுக்கு நிபந்தனை போடுகின்றன. இந்தியப் படைகளில் லேசரை ஏற்கும் அதிகாரிப் பணிகளில், 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், கண்ணின் நீளம் 26 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. அமெரிக்காவில் அறுவைக்குப் பின் 180 நாள் பொறுக்க வேண்டும். அறுவைக்கு முன் இருந்த பவர் 8-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. பழைய பவரை எதற்குக் கேட்கிறார்கள் என்றால், நீண்ட கண்ணில் விழித்திரை மெலிந்து கிழியும் ஆபத்து லேசருக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. சில பணிகளில் லேசர் செய்த கண்ணையே ஏற்பதில்லை. ஆக, மாஸ்டர் பேச்சைக் கேட்டு இப்போது செய்துகொண்டால், கண்ணாடியோடு தகுதியாக இருந்திருக்கக்கூடிய ஒரு பணிக்கு லேசராலேயே தகுதி இழக்கும் வாய்ப்பு உண்டு.

மைனஸ் 1.75 சின்னக் குறைதான். கண்ணாடியோடு 6/6, அதாவது முழுப் பார்வை, இருந்தால் போதும் என்கிற பணிகள் பல உண்டு. கண்ணாடி இல்லாமலே 6/6 வேண்டும் என்கிற பணி என்றால், உங்களால் அதை இப்போது படிக்க முடியாது. வேறு பிரிவைப் பாருங்கள், அல்லது காத்திருங்கள். இப்போது செய்ய வேண்டியது: கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பவரைச் சரியாக அளந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்படியே கண்ணின் நீளம், கருவிழியின் தடிமன், விழித்திரை மூன்றையும் பார்த்துக் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பவர் அசையாமல் நின்று, வயதும் ஆகி, நீங்கள் விரும்பும் பணியின் அறிவிப்பு லேசரை ஏற்கும் என்று கண்ணால் படித்த பிறகு யோசிக்கலாம். காண்டாக்ட் லென்ஸ் போடும் பழக்கம் இருந்தால் தேர்வுக்குப் பல நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். ராத்திரி மாட்டிக்கொண்டு தூங்கினால் பகலில் கண்ணாடி வேண்டாம் என்று விற்கும் லென்ஸையும் யாராவது சொல்வார்கள். அதன் விளைவு சில நாளில் போய்விடும். சுத்தம் தவறினால் கருவிழியில் புண் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்று: நிறம் சரியாகத் தெரிகிறதா என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை குழம்பும். மற்ற இனங்களில் சற்றுக் குறைவு. பிறவியிலேயே வருவதால் வித்தியாசம் அவர்களுக்கே தெரியாது. புள்ளிப் புள்ளியாய் வட்டங்களுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை டோக்கியோவில் இஷிஹாரா என்ற கண் மருத்துவர் உருவாக்கியது ஜப்பானிய ராணுவத்துக்கு ஆள் எடுக்கத்தான். 1917-இல் வெளிவந்தது, இன்றும் அதே அட்டைதான். முழுத் தொகுப்பில் 38 அட்டை. வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள் என்று தெரிந்ததால் வரிசையை மாற்றிக் காட்டுவார்கள், நிற விளக்குகளைக் காட்டியும் பார்ப்பார்கள். இதற்கு மருந்தோ அறுவையோ கிடையாது. ஐந்து நிமிட வேலை. அடுத்த முறை கண் பார்க்கப் போகும்போது கேட்டு வாங்குங்கள். குறை இருந்தால் அது தடையாகாத பணிகளை மட்டும் குறிவைக்கலாம், ஒரு வருட உழைப்பு மிஞ்சும்.

இனி சில்லறை விஷயங்கள். திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் கணிசமானவர்கள் இவற்றில்தான் விழுகிறார்கள், அதுதான் எரிச்சல். காதில் குரும்பி அடைத்திருந்தால் மருத்துவரால் செவிப்பறையைப் பார்க்கவே முடியாது. இரண்டு வாரம் முன்பே காது மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள், கொண்டை ஊசி, பட்ஸ் எல்லாம் வேண்டாம். கேட்கும் திறன் பார்க்கும் நாளுக்கு முந்தைய ராத்திரி இயர்போனில் சத்தமாகப் பாட்டுக் கேட்காதீர்கள். காது தற்காலிகமாக மந்தமாகி அந்த மந்தம் வரைபடத்தில் விழும். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள் கடுமையான ஓட்டமும் பளுவும் வேண்டாம்: அப்போது சிறுநீரில் புரதமும் ரத்தமும் தற்காலிகமாகத் தெரியலாம். புரதப் பவுடர், கிரியாட்டின், எனர்ஜி டிரிங்க் ஆகியவற்றை முன்கூட்டியே விட்டுவிடுங்கள். பயத்தில் பிரஷர் ஏறுகிறவர் நீங்கள் என்றால், இப்போதிருந்து வெவ்வேறு நாள்களில் சில தடவை அளந்து பழகிக்கொள்ளுங்கள். பல இடங்களில் 140/90-க்கு மேல் போனால் மறுபடி அளப்பார்கள். அளந்தும் இறங்காவிட்டால்தான் சிக்கல். சொத்தைப் பல்லை அடைத்துவிடுங்கள். பச்சை குத்திக்கொள்ளும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

தேர்வறையில் உள்ளாடையையும் கழற்றச் சொல்வார்கள். விதைப்பை, குடலிறக்கம், மூலம் எல்லாம் பார்க்க வேண்டும். இருமச் சொல்வார்கள், குனியச் சொல்வார்கள். உங்களைப்போல் ஒரு நாளைக்கு எத்தனையோ பேரைப் பார்க்கிறவர் அவர். கூச்சத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றால்தான் நேரமாகும். இதையே வீட்டுப் பக்கத்து மருத்துவர் ஒருவரிடம் முன்பே பார்த்துக்கொண்டால், நண்பனுக்கு வந்ததுபோல் திடீர்ச் செய்தி எதுவும் வராது.

நண்பனுக்கு இதைச் சொல்லுங்கள். 'தற்காலிகத் தகுதியின்மை' என்று ஒரு வகை, 'நிரந்தரம்' என்று ஒரு வகை. கையில் கொடுத்த தாளில் எது என்று பார்க்கட்டும். வெரிகோசீல் பல இடங்களில் அறுவை செய்து சரிப்படுத்திக்கொண்டு திரும்ப வரக்கூடிய குறைதான். ராணுவ ஆசை இல்லாத, வலியும் இல்லாத ஒருவர் என்னிடம் வந்தால் கத்தி வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். இவனுக்கு வேலை முக்கியம் என்பதால் ஒரு சிறுநீரக அறுவை மருத்துவரிடம் ஸ்கேனோடு போய்ப் பேசலாம். ஆனால் அறுவைக்கு அவசரப்படுவதற்கு முன் மேல்முறையீட்டுத் தேதியைப் பார்க்க வேண்டும். முதல் மருத்துவர் சொன்னதை ஒரு சிறப்பு மருத்துவரோ வேறொரு குழுவோ மறுபடி பார்க்கும் வழி பெரும்பாலான படைகளில் உண்டு. இந்தியாவில் அதிகாரித் தேர்வுக்கு அந்த அவகாசம் 42 நாள். சிப்பாய்ச் சேர்ப்பில் அதைவிடக் குறைவு. தேதி தாண்டிவிட்டால் எந்தச் சான்றிதழும் எடுபடாது. அவன் எப்போது திரும்பி வந்தான் என்று நீங்கள் எழுதவில்லை. இன்றைக்கே அந்தத் தாளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.